இரவில் தொலைந்த நிறமூர்த்தம்: மதுவ விகாரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை முடிந்து இரண்டாம் கிழமை. இறுதி ஆண்டு மாணவி ஒருத்தி மதுவம் (ஈஸ்ற்) வளர்த்த ஆறு பிளேற்றுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், எல்லாம் சிவந்துபோச்சு. தையில வந்த மாதிரி ஒண்டும் இல்லை."

மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். றோஸ் நிறத்தில் உருண்டையாக நிற்கவேண்டிய கொலனிகள் பாதியில் வெட்டிய கொய்யாப்பழம் போல ஒரு பக்கம் கடும் சிவப்பாகவும் மறுபக்கம் றோஸாகவும் இருந்தன. பல கொலனிகள் முழுச் சிவப்பு. இடையிடையே ஊசிமுனை அளவில் வெள்ளைக் கொலனிகள். தை மாதம் இதே மதுவத்தை இதே ஊடகத்தில் வளர்த்தபோது பிளேற்றில் பெரும்பாலும் றோஸ் நிறமே இருந்தது. அங்கொன்று இங்கொன்றாக மெல்லிய சிவப்புக் கீற்றுகள், அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆனது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று கிழமை பிடித்தது. காரணம் தெரிந்த பிறகு, தோற்றுப்போன பரிசோதனை என்று ஒதுக்கிவைத்த அந்த ஆறு பிளேற்றுகளும் அந்த ஆண்டு எங்களிடம் இருந்தவற்றில் மிக நன்றாகப் பாடம் சொல்லித்தரும் பிளேற்றுகளாகிவிட்டன. அதனால்தான் இதை முழுதாக எழுதிவைக்கிறேன்.

பயிற்சியின் பின்னணி

யாழ்ப்பாணத்தில் எங்களுடையது கற்பித்தலுக்கென்று இருக்கும் சிறிய ஆய்வுகூடம். டி.என்.ஏ. இரட்டிப்பை, பாடப்புத்தகத்தில் 'பின்புறமடிதல்' என்று வருவதை, மாணவர்கள் கண்ணால் பார்க்க வழி உண்டா என்று நெடுநாள் யோசித்தேன். அம்புக்குறி போட்ட படங்களைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, ஒரு பரம்பரையலகு (ஜீன்) பழுதானால் நிறமூர்த்தம் உண்மையிலேயே தொலையும் என்பதைக் காட்டவேண்டும். அதற்கு மதுவத்தை விட நல்ல உயிரி இல்லை. அதற்கு 16 நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகள். கருவுள்ள உயிரிகளுக்குள் முதன்முதலில் முழு டி.என்.ஏ. வரிசையும் வாசிக்கப்பட்டது இதற்குத்தான், 1996இல். இரட்டிப்பை நடத்தும் புரதங்களில் பெரும்பாலானவை மதுவத்திலும் மனிதரிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் எங்களுக்காக இரண்டு இனங்களை வடிதாள் துண்டுகளில் உலரவைத்து, வெள்ளித்தாளில் மடித்து அனுப்பியிருந்தார். ஒன்று இயல்பு வகை. மற்றது சி.டி.சி.6 என்ற பரம்பரையலகில் விகாரம் கொண்டது. இரண்டும் இருமடியம், அதாவது ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரண்டு பிரதியாக உள்ளவை. இரண்டிலும் ஒரு சிறு செயற்கை நிறமூர்த்தம் வைக்கப்பட்டிருந்தது. அதில் இருப்பது இரட்டிப்புத் தொடங்கும் புள்ளி ஒன்று, பிரிவின்போது பங்கிட உதவும் மையப்பாத்து ஒன்று, யூராசில் இல்லாத ஊடகத்தில் கலத்தை வாழவைக்கும் அடையாளப் பரம்பரையலகு ஒன்று. இவற்றோடு சப் 11 என்ற பரம்பரையலகும் உண்டு. நிற விளையாட்டு முழுவதும் அந்தச் சப் 11இல்தான்.

டி.என்.ஏ.யின் கட்டுப்பொருள்களில் ஒன்றான அடினின் தயாரிக்கும் பாதையில் ஏட் 2 என்ற பரம்பரையலகு பழுதான மதுவம் சிவக்கும். பாதை இடையில் அடைபட, அதற்கு முந்திய பொருள் கலத்துக்குள் தேங்கி ஒட்சியேற்றமடைந்து சிவப்பு நிறப்பொருளாக மாறும். சப் 11 அந்தப் பழுதை ஓரளவு ஈடுசெய்யும். இருமடியக் கலத்தில் சப் 11 ஒன்று இருந்தால் றோஸ், இரண்டு இருந்தால் வெள்ளை, ஒன்றும் இல்லையென்றால் சிவப்பு. ஆக, அந்தச் சிறு நிறமூர்த்தம் கலத்தில் எத்தனை பிரதி இருக்கிறது என்பதைக் கொலனியின் நிறமே எண்ணிச் சொல்லிவிடும். ஹீற்றர் முதலானோர் 1985இல் வெளியிட்ட முறை இது. இரண்டு ஆண்டு கழித்துக் கொஷ்லாண்டும் ஹீற்றரும் இதை இன்னும் நுணுக்கமாக்கினார்கள்.

இதில் நான் மிகவும் விரும்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு கலம் பிளேற்றில் விழுந்து முதல் தடவை பிரியும்போதே பிழை நடந்தால், கொலனியின் சரிபாதி நிறம் மாறும். இரண்டாம் தலைமுறையில் நடந்தால் கால்வாசி. மூன்றாவதில் அரைக்கால். ஐந்தாம் தலைமுறைக்குப் பிறகு நடந்தது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்த கீற்று. நிறம் மாறிய பகுதி ஆப்பு வடிவில் நிற்கும்; அந்த ஆப்பின் அகலம் பிழை நடந்த நேரத்தைச் சொல்கிறது. பாதி சிவப்பும் பாதி றோஸும் என்றால், ஒரு மகட்கலத்துக்கு ஒன்று கிடைத்தது, மற்றதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதாவது இரட்டிக்கவே இல்லை, அல்லது இரட்டித்ததில் ஒன்று தொலைந்தது. பாதி சிவப்பும் பாதி வெள்ளையும் என்றால், ஒழுங்காக இரட்டித்த இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டன. முதலாவது பெரும்பாலும் இரட்டிப்பின் குற்றம். இரண்டாவது பங்கிடுதலின் குற்றம். நுணுக்குக்காட்டியோ பெரிய இயந்திரமோ இல்லாமல், ஒரு பிளேற்றையும் வெறும் கண்ணையும் வைத்து இந்த வேறுபாட்டைச் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

கணக்கையும் சொல்லவேண்டும். மதுவத்தின் சொந்த நிறமூர்த்தம் ஏறத்தாழ லட்சம் பிரிவுக்கு ஒரு தடவைதான் தொலையும். செயற்கைச் சிறு நிறமூர்த்தம் அவ்வளவு உறுதியானது அல்ல, நூறு பிரிவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். முதல் ஐந்து தலைமுறையில் நடக்கும் பிரிவுகள் 1, 2, 4, 8, 16 என்று மொத்தம் 31. நூற்றுக்கு ஒன்று என்றால் மூன்று நாலு கொலனிக்கு ஒன்றில் ஒரு கீற்றுத் தெரியும். இயல்பு வகையில் அப்படித்தான் தெரிந்தது. ஐந்து பிரிவுக்கு ஒன்று தொலைந்தால் ஒவ்வொரு கொலனியிலும் ஐந்தாறு ஆப்புகள். மாணவி கொண்டுவந்த பிளேற்றுகள் அந்த இரண்டாம் கணக்கைத் தொட்டுக்கொண்டிருந்தன.

தவறான சந்தேகங்கள்

முதலில் காற்றுவழி வந்த கலப்பு என்று நினைத்தேன். றொடோரூலா என்ற றோஸ் நிற மதுவம் எங்கும் பறக்கும். கழுவுதொட்டி ஓரத்தில் கூட வளரும். ஆனால் அது கொலனி முழுதும் ஒரே நிறமாக வளருமே தவிர ஆப்பு ஆப்பாகப் பிரிந்து நிற்காது. நடுவிலிருந்து விளிம்பு வரை கோடு கிழித்தாற்போல நிறம் மாறுகிறதென்றால், அது ஒரே கலத்தின் பிள்ளைகளுக்குள் வந்த வேறுபாடு. அந்தச் சந்தேகம் பத்து நிமிடத்தில் போய்விட்டது.

அடுத்தது அடினின் அளவு. ஊடகத்தில் அடினின் கூடினால் சிவப்பு மங்கும், குறைந்தால் கடுக்கும். புதிய போத்தல் உடைத்திருந்தோம், அதனால் இது நியாயமான சந்தேகம். ஆனால் அடினின் நிறத்தின் கடுமையை மாற்றுமே ஒழிய ஆப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டாது. இதைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்கப் பழைய போத்தலில் ஊடகம் காய்ச்சி ஊற்றி மறுபடியும் செய்தோம். அதே ஆப்புகள்.

வெள்ளைக் கொலனிகள்தான் கொஞ்சம் குழப்பின. வெள்ளை என்றால் இரண்டு பிரதி. அப்படியானால் பங்கிடுதலும் பழுதா? மாணவி அந்த முடிவைத் தன் குறிப்பேட்டில் எழுதியும் விட்டாள். நான் மறித்தேன். ஏட் 2 பழுதான மதுவம் சிவக்க வேண்டுமென்றால் அது சுவாசிக்கவும் வேண்டும். இழைமணி, அதாவது கலத்தில் சுவாசம் நடக்கும் உறுப்பு, பழுதான கலங்கள் சிறுத்து வளரும், நிறமும் ஏறாது, வெள்ளையாகவே நிற்கும். வெள்ளைகள் எல்லாமே ஊசிமுனை அளவாக இருந்தது எனக்கு உறுத்தியது. கிளிசரோல் மட்டும் உணவாக உள்ள பிளேற்றில் ஒவ்வொன்றாகக் கீறினோம். சுவாசிக்க முடியாத கலம் கிளிசரோலில் வாழாது. நாலு நாள் கழித்துப் பார்த்தால், சிவப்பும் றோஸும் வளர்ந்திருந்தன, வெள்ளை ஒன்றும் வளரவில்லை. ஆக அவை இரண்டு பிரதி பெற்ற கலங்கள் அல்ல. மாணவி அந்த வரியை வெட்டிவிட்டுப் பக்கத்தில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தாள். குறிப்பேடு அப்படித்தான் இருக்கவேண்டும்.

வெப்பநிலையை ஏன் முதலிலேயே சந்தேகிக்கவில்லை என்று கேட்கலாம். இரண்டு காரணம். ஒன்று, இன்கியூபேற்றரின் முள் 25இல் நின்றது. காலை ஒன்பது மணிக்கு யார் போய்ப் பார்த்தாலும் உள்ளே வைத்த வெப்பமானியும் 25 என்றே காட்டியது. இரண்டாவது, பக்கத்திலேயே வைத்திருந்த இயல்பு வகைப் பிளேற்றுகள் கொழுத்த கொலனிகளோடு அழகாக இருந்தன. ஒப்பீட்டுப் பிளேற் நன்றாக இருக்கிறது, அதனால் வெப்பநிலையும் சரி என்று நான் முடிவுகட்டினேன். இந்த நிகழ்வில் நடந்த மிகப் பெரிய பிழை அதுதான், அதைச் செய்தது நான்.

இயல்பான மதுவத்துக்குச் சூடு பிடிக்கும். கள்ளு விட்டுக் கரைத்த அப்பமா மார்கழியில் பொங்க மனமில்லாமல் நிற்கும், சித்திரையில் பானையை விட்டு வழியும். இது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். 30 பாகை அதற்கு உகந்த வெப்பநிலை. ஆகவே இயல்பு வகை நன்றாக வளர்ந்தது என்பது ஊடகம் சரி என்பதற்குத்தான் சாட்சி. இன்கியூபேற்றர் 25இல் நின்றது என்பதற்கு அது சாட்சியே அல்ல.

காலைப் பிளேற்றும் பின்னேரப் பிளேற்றும்

முடிச்சை அவிழ்த்தது மாணவிதான். ஆறு பிளேற்றுகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு கொலனியிலும் மிக அகலமான ஆப்பு எது என்று எண்ணிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தினாள்.

"மிஸ், இந்த மூண்டும் நான் காலமை ஒன்பதுக்குப் பரப்பினது. இதில பாதிச் சிவப்பு ஒண்டிரண்டுதான், மற்றதெல்லாம் கால்வாசியும் அதுக்குக் குறைவும். அந்த மூண்டும் பின்னேரம் மூண்டரைக்குப் பரப்பினது. அதிலதான் பாதி பாதியா நிக்குது."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. ஒரே கலக்கரைசல், ஒரே ஊடகம், ஒரே பெட்டி. பரப்பிய நேரம் மட்டும் வேறு. இந்த விகாரி குளிர்ந்த நிலையில் மெதுவாக வளரும், ஒரு பிரிவுக்கு மூன்று நாலு மணித்தியாலம் எடுக்கும். காலையில் பரப்பிய கலத்தின் முதல் ஒன்றிரண்டு பிரிவுகள் பகலிலேயே முடிந்துவிடும். பின்னேரம் பரப்பியதன் முதல் பிரிவே இரவில்தான். ஆப்பின் அகலம் பிழை நடந்த நேரத்தைச் சொல்கிறதென்றால், இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தையே காட்டின. பொழுது சாய்ந்த பிறகு ஏதோ நடக்கிறது.

ஆய்வுகூட உதவியாளரைக் கூப்பிட்டு, பின்னேரம் அறையைப் பூட்டும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அஞ்சு மணிக்கு ஏ.சி.யை நிப்பாட்டிப்போட்டுத்தானே மிஸ் பூட்டிறனான்" என்றார். எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அதில் அவரது குற்றம் எதுவும் இல்லை. மின்கட்டணம் பார்த்துச் செலவழிக்கும் எந்த இடத்திலும் அதுதான் வழக்கம்.

பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் வானிலைப் பெட்டியிலிருந்து, ஒரு நாளின் கூடிய, குறைந்த வெப்பநிலையைப் பதிந்துவைக்கும் வெப்பமானியை இரவல் வாங்கி இன்கியூபேற்றருக்குள் வைத்தோம். மறுநாள் காலை முள் 25இல். வெப்பமானியின் குறைந்த பக்கம் 24. கூடிய பக்கம் 32.

சாதாரண இன்கியூபேற்றர் ஒரு சூடாக்கும் பெட்டி. அதற்குள் குளிராக்கும் பொறி கிடையாது. வெளியே 20 பாகை என்றால் அது 25க்கு உயர்த்தும். வெளியே 32 என்றால் சும்மா நிற்கும். பகலில் ஏ.சி. அறையைக் குளிராக வைத்திருக்க, பெட்டி 25இல் நின்றது. ஐந்து மணிக்குப் பிறகு பூட்டிய அறையில், குளிர்சாதனப்பெட்டிகளின் மோட்டார்ச் சூடும் சேர, பெட்டிக்குள் 31, 32. இருபத்துநாலு மணித்தியாலத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரம் எங்கள் விகாரி வெந்துகொண்டிருந்திருக்கிறது. காலையில் கதவு திறந்து ஏ.சி. போட்டதும் எல்லாம் பழையபடி 25.

தை மாதத்தில் ஏன் சரிவந்தது என்பதற்கு விடை மாணவியின் வாயிலிருந்தே வந்தது. "அப்ப தலைக்கு வைக்கிற எண்ணெயே உறைஞ்சு போய்க்கிடந்தது, மிஸ்." வாடைக்காற்று அடிக்கும் விடியலில் போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் வெண்மையாகத் திரண்டு நிற்பதைக் காணாதவர் இங்கே இல்லை. அது உறையும் புள்ளி ஏறத்தாழ 24 பாகை. எண்ணெய் உறைந்த இரவுகளில் ஏ.சி. இல்லாமலே எங்கள் பெட்டி சரியான வெப்பநிலையில் நின்றிருக்கிறது.

சூடு அந்தப் பரம்பரையலகுக்கு என்ன செய்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

அமெரிக்காவின் சியாற்றிலில் மரபியலாளர் லீலண்ட் ஹார்ட்வெல் 1960களின் கடைசியில் ஒரு சிக்கலை எதிர்கொண்டார். கலப்பிரிவை நடத்தும் பரம்பரையலகு பழுதானால் கலம் பிரியாது. பிரியாத கலத்தை வளர்த்து ஆராய்வது எப்படி? 23 பாகையில் வேலை செய்து 36 பாகையில் நின்றுபோகும் விகாரிகளைத் தேடுவதுதான் அவர் கண்ட வழி. விகாரம் புரதத்தைச் சற்றே தளர்த்திவிடுகிறது. குளிரில் அது மடிப்புக் குலையாமல் வேலை செய்யும், சூட்டில் குலையும். அப்படிக் கிடைத்த கலப்பிரிவு வட்டப் பரம்பரையலகுகளுக்குத்தான் சி.டி.சி. என்று பெயரிட்டு எண் கொடுத்தார். 2001இல் போல் நேர்ஸ், ரிம் ஹன்ற் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சி.டி.சி.9 டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் நொதியம். சி.டி.சி.7 இரட்டிப்பைத் தொடக்கிவைக்கும் நொதியம். எங்களிடம் இருந்தது சி.டி.சி.6.

மதுவத்தின் டி.என்.ஏ.யில் இரட்டிப்புத் தொடங்கும் புள்ளிகள் ஏறத்தாழ 400. இவற்றை ஏ.ஆர்.எஸ். என்பார்கள், 1979இல் இனங்காணப்பட்டவை. ஒவ்வொரு புள்ளியிலும் ஓ.ஆர்.சி. என்ற ஆறு புரதக் கூட்டு உட்கார்ந்திருக்கும். 1992இல் பெல்லும் ஸ்ரில்மனும் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஓ.ஆர்.சி. மட்டும் இருந்தால் எதுவும் நடக்காது. கலம் பிரிந்து முடிந்து அடுத்த வட்டத்துக்கு ஆயத்தமாகும் சிறு இடைவெளியில் சி.டி.சி.6 வந்து ஓ.ஆர்.சி.யோடு சேரும். இரண்டும் சி.டி.ரி.1 என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்து, எம்.சி.எம். வளையங்களை டி.என்.ஏ.யைச் சுற்றி மாட்டும். ஆறு ஆறு புரதமாக இரண்டு வளையம், முகத்துக்கு முகம். பிறகு டி.என்.ஏ.யின் இரு இழைகளைப் பிரித்துக்கொண்டு ஓடுவது இந்த வளையங்கள்தான்.

வளையம் மாட்டியானதும் சி.டி.சி.6இன் வேலை முடிந்தது. இரட்டிப்புத் தொடங்கிய பிறகு கலம் அதை அழித்துவிடும். அழிக்காவிட்டால் இரட்டித்த இடத்திலேயே மறுபடியும் வளையம் ஏறி, ஒரே துண்டு மறுபடியும் இரட்டிக்க வாய்ப்பு உண்டு. ஒரு வட்டத்துக்கு ஒரு தடவைதான் என்ற கட்டுப்பாட்டைக் காப்பாற்றும் வழிகளில் இது ஒன்று. கோயில் தேருக்கு வடம் பிடிக்க முன் கட்டை எடுத்துக்கொடுப்பவரைப் போல, தேர் நகர்ந்த பிறகு அவருக்கு அங்கே இடமில்லை.

எம்.சி.எம். என்ற பெயரே எங்கள் பரிசோதனையைச் சொல்லும் பெயர். சிறு நிறமூர்த்தத்தைப் பேணுதல் என்பதுதான் அந்த மூன்று எழுத்தின் பொருள். 1984இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பிக் ரை என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும், எங்களுடையதைப் போன்ற சிறு நிறமூர்த்தங்களைத் தொலைக்கும் மதுவங்களைத் தேடிப் பிடித்தார்கள். தொலைப்பதன் அளவு, அதில் இருக்கும் ஏ.ஆர்.எஸ். எது என்பதைப் பொறுத்து மாறியது. கோளாறு இரட்டிப்பின் தொடக்கத்தில் என்பதற்கு அதுவே தடயம். அந்தப் புரதங்கள் இழை பிரிக்கும் வளையங்கள் என்பது நிலைநாட்டப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. பெயர் மட்டும் முதலில் கண்ட காட்சியோடு நின்றுவிட்டது.

இப்போது எங்கள் பிளேற்றுக்கு வருவோம். 37 பாகையில் சி.டி.சி.6 முற்றாகக் குலைந்து கலம் வளராது. 23இல் பெரும்பாலும் வேலை செய்யும். 31, 32 இரண்டுக்கும் நடுவில். புரதம் இருக்கிறது, ஆனால் போதாது. எல்லாத் தொடக்கப் புள்ளிகளுக்கும் வளையம் மாட்ட ஆள் பற்றாது, சில புள்ளிகள் வெறுமனே விடப்படும். பெரிய நிறமூர்த்தத்தில் இருபது முப்பது புள்ளிகள் இருந்தால், பக்கத்துப் புள்ளியில் தொடங்கிய இரட்டிப்பு ஓடிவந்து இடைவெளியை நிரப்பிவிடும். எங்கள் சிறு நிறமூர்த்தத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அது தவறினால் அந்த வட்டத்தில் அது இரட்டிக்காது. ஒரு மகட்கலத்துக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்றுமில்லை. பாதி றோஸ், பாதி சிவப்பு. எங்கள் பிளேற்றில் நின்ற ஒவ்வொரு அரைச் சிவப்புக் கொலனியும் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எழுதிக்காட்டியது.

இது என் ஊகம் அல்ல. 1992இல் ஹோகனும் கொஷ்லாண்டும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். சி.டி.சி.6 விகாரியில் ஒரு தொடக்கப் புள்ளி உள்ள சிறு நிறமூர்த்தம் அடிக்கடி தொலைந்தது. அதற்கே கூடுதல் தொடக்கப் புள்ளிகளைச் சேர்த்தபோது தொலைவது குறைந்தது. கணக்கு அவ்வளவு சுத்தம்.

அதற்கு முன்பே, 1985இல், ஹார்ட்வெல்லும் ஸ்மித்தும் காட்டியிருந்தார்கள்: சி.டி.சி. விகாரிகள் பலவற்றை முற்றாக நின்றுபோகாத இடைப்பட்ட சூட்டில் வளர்த்தால், அவை உயிரோடு இருந்துகொண்டே நிறமூர்த்தங்களைத் தொலைக்கும். அவர்கள் திட்டமிட்டு வைத்த இடைப்பட்ட சூட்டை, எங்கள் அறை ஐந்து மணிக்குப் பிறகு தானாக வைத்திருக்கிறது.

திருத்தமும் மறுபரிசோதனையும்

குளிராக்கும் வசதியுள்ள இன்கியூபேற்றர் வாங்கப் பணம் இல்லை. பழுதென்று மூலையில் கிடந்த பழைய குளிர்சாதனப்பெட்டி ஒன்றின் மோட்டார் இன்னும் ஓடியது. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குப் பூட்டும் டிஜிற்றல் தெர்மோஸ்ரற் ஒன்றை வாங்கி, குளிராக்கும் பக்கத்துக்கு மாற்றி, 23இல் வைத்தோம். உணர்கம்பியைத் தண்ணீர் நிரப்பிய சிறு போத்தலுக்குள் இறக்கினோம். வெறும் காற்றில் விட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் மோட்டார் துள்ளும். கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர்ப் போத்தல்கள். மின்வெட்டு வந்தாலும் இரண்டு மூன்று மணித்தியாலம் வெப்பநிலை பெரிதாக அசையாமல் அவை பிடித்துவைக்கும். கூடிய-குறைந்த வெப்பமானி ஒன்றைச் சொந்தமாக வாங்கி உள்ளே வைத்தோம்.

வைகாசியில் மறுபடி செய்தோம். யூராசில் இல்லாத ஊடகத்தில் வளர்த்த ஒரே கலக்கரைசலை நாலாகப் பிரித்து 23, 27, 31, 37 பாகைகளில் வைத்தோம். இயல்பு வகையும் அதேபோல நாலு. ஐந்தாம் நாள், நிறம் ஏறுவதற்காக எல்லாவற்றையும் இரண்டு நாள் 4 பாகையில் வைத்துவிட்டு எடுத்தோம். இயல்பு வகை 37 வரைக்கும் வளர்ந்தது, கீற்றுகளின் எண்ணிக்கையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. விகாரி 23இல் தை மாதத்தைப் போலவே றோஸ். 27இல் ஆப்புகள் கூடின. 31இல் சித்திரைப் பிளேற்றுகள் அப்படியே திரும்ப வந்தன. 37இல் வெறும் ஊடகம்.

37இல் வைத்த கலங்களில் ஒரு துளியை மெதிலீன் நீலத்தோடு கலந்து நுணுக்குக்காட்டியில் வைத்தோம். மாணவி பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னாள். மதுவம் மொட்டுவிட்டுத்தான் பிரியும். வழக்கமாகச் சிறு மொட்டும் பெரிய மொட்டும் மொட்டே இல்லாததுமாகக் கலந்திருக்கும். இங்கே கலத்துக்குக் கலம் ஒரே தோற்றம், உடுக்கு உடுக்காக நின்றன. தாயும் மகளும் ஒரே பருமனுக்கு வளர்ந்து, இடுப்பில் ஒட்டியபடி, பிரிய முடியாமல். பதினைந்து நிமிடம் அவள் கண்ணை எடுக்கவில்லை.

எங்கள் செய்முறைத் தாளில் 'அறை வெப்பநிலையில் வைக்கவும்' என்று இருந்த ஐந்து இடங்களையும் வெட்டிவிட்டோம். அந்தச் சொல் குளிர்நாட்டு ஆய்வுகூடங்களிலிருந்து வந்தது, அங்கே அது 20, 22 பாகை. இங்கே அது மாதத்துக்கு ஒன்று, மணிக்கு ஒன்று. எண் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு பிளேற்றின் அடியிலும் இப்போது திகதியோடு பரப்பிய நேரமும் எழுதவேண்டும். இந்த நேரக் குறிப்பை அவள் தன் விருப்பத்துக்கு எழுதிவைத்திருந்தாள், செய்முறையில் அப்போது அது கேட்கப்படவில்லை. அது இல்லாவிட்டால் காலை, பின்னேர வேறுபாடு எங்களுக்குத் தெரியவே வந்திராது.

பிள்ளைகளுக்கு இன்னொரு விடயமும் சொல்கிறேன். மனிதரில் ஓ.ஆர்.சி., சி.டி.சி.6, சி.டி.ரி.1 பரம்பரையலகுகளில் விகாரம் வந்தால் மையர்-கோர்லின் என்ற அரிய நோய் உண்டாகும் என்று 2011இல் கண்டறியப்பட்டது. உயரம் குறைந்து, காதுகள் சிறுத்து, முழங்காற் சில்லு வளராமலோ மிகச் சிறுத்தோ பிறக்கும் பிள்ளைகள். அவர்களிடமும் புரதம் முற்றாக இல்லாமல் போவதில்லை, போதாமல் போகிறது. எங்கள் 31 பாகைப் பிளேற்றைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

ஆனியில் அவள் தன் கடைசித் தொகுதியைச் செய்தாள். இயல்பு வகைப் பிளேற்று ஒன்றில், நூற்றுக்குக் கிட்டிய றோஸ் கொலனிகளுக்கு நடுவே, சரிபாதி சிவப்பும் சரிபாதி வெள்ளையுமாக ஒன்று நின்றது. வெள்ளைப் பாதி சிறுத்திருக்கவில்லை. இரண்டு பாதியையும் கிளிசரோலில் கீறினாள், இரண்டும் வளர்ந்தன. இரட்டித்த இரண்டும் ஒரே பக்கம் போன கலம். பிளேற்றின் அடியில் நீல மார்க்கரால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, பரப்பிய நேரத்தை எழுதி, பழைய குளிர்சாதனப்பெட்டியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு சிறு போத்தலில் தேங்காயெண்ணெய். கதவைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது அது உறைந்திருக்கிறதா என்று.